கழுத்து ஸ்கான் சொல்வதும் சொல்லாததும்

(முல்லைத்தீவு மாவட்டம் தண்ணீரூற்றில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அமைப்பாளர்கள் எனக்கு இரண்டு நிபந்தனை வைத்தார்கள். பேச்சு மருத்துவத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். பின்வரிசையில் இருக்கும் அம்மாவுக்கும் விளங்க வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம். ஆனால் முடியாது என்று சொல்ல எனக்கு வாயில்லை. 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியசாலை நடத்திய சாமுவேல் கிறீன், தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தவர். ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி அச்சிட்டவர். வெளிநாட்டுக்காரர் ஒருவர் அன்றைக்கே செய்து காட்டியதை, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நான் செய்ய முடியாது என்றால் சிரிப்பார்கள்.

இன்றைக்கு எடுத்துக்கொண்ட விடயம் ஒடுக்கமானது. வாயிலோ தொண்டையிலோ தைரொயிட்டிலோ வந்த புற்றுநோய் கழுத்து நிணநீர்க்கணுக்களுக்குப் பரவிவிட்டதா என்பதை ஸ்கான் செய்து அறிவது எப்படி, அந்த ஸ்கானை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது மட்டும்தான். ஸ்கான் என்று நான் சொல்வது கர்ப்பிணிப் பெண்களுக்கு வயிற்றில் பார்க்கும் அதே அல்ட்ராசவுண்ட் ஸ்கானைத்தான்.

கழுத்தை ஏன் எடுத்தேன் என்று கேட்பீர்கள். இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். பெண்களுக்கு மார்பகத்துக்கு அடுத்தபடியாகத் தைரொயிட். இரண்டும் உடம்பில் பரவத் தொடங்கினால் பெரும்பாலும் முதலில் தங்குமிடம் கழுத்துக் கணுக்கள்தான். வாய்ப் புற்றுநோய்க்காரருக்கு ஒரு கணுவில் நோய் இறங்கிவிட்டாலே, அவர் பிழைத்து வாழும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும் என்பது தலை கழுத்துச் சத்திரசிகிச்சை படிக்கும் எந்த மாணவனும் முதல் பாடத்திலேயே கேட்கும் சங்கதி.

வாய்ப் புற்றுநோய் எங்கிருந்து வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஒத்துக்கொள்ளத்தான் மனம் வராது. வெற்றிலை வைத்துத்தான் நாங்கள் ஆளை அழைக்கிறோம். கலியாணத்துக்கும் வெற்றிலைத் தட்டம், செத்தவீட்டுக்கும் வெற்றிலைத் தட்டம். வயலில் வெயிலுக்குள் நிற்கிறவருக்குப் பசியை அடக்குவதும் அதுதான். புகையிலையோடு போடும் வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985இலேயே அறிவித்துவிட்டது. 'நான் புகையிலை போடுறதில்லை, வெறும் பாக்குத்தான்' என்று சொல்லித் தப்பித்தவர்களுக்கும் 2004இல் பதில் வந்தது. பாக்குத் தனியாகவே புற்றுநோய்க் காரணி என்று அதே முகவரகம் முதல் தரப் பட்டியலில் சேர்த்தது. மாவா, பாபுல் போன்ற புகையிலைக் கலவைகளை எங்கள் அரசு 2016இல் தடைசெய்தது. வீட்டு வெற்றிலைத் தட்டத்தைத் தடைசெய்ய எந்த அரசாலும் முடியாது.

இனி நிணநீருக்கு வருவோம். வயலுக்குப் பாய்ச்சிய தண்ணீர் முழுவதும் பயிருக்குப் போவதில்லை. மிஞ்சியது கழிவாய்க்காலால் வடிகிறது. தண்ணிமுறிப்புக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. உடம்பிலும் அப்படித்தான். இரத்தக்குழாய்களிலிருந்து தசைக்குள் கசிந்த நீரில் மிஞ்சுவது, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லீற்றர், மெல்லிய குழாய்கள் வழியாக வடிந்து மீண்டும் இரத்தத்தில் சேருகிறது. அந்த வழியில் இடையிடையே கணுக்கள் இருந்து கிருமிகளையும் கழிவையும் மறித்துப் பிடிக்கின்றன. உடம்பில் ஏறக்குறைய எண்ணூறு கணுக்கள் உண்டு என்றால் அவற்றில் முந்நூறு கழுத்தில் இருக்கின்றன. பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் ரூவியேர் 1932இல் வெளியிட்ட நூலில் இந்த வடிகால் வழிகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் தடம்பிடித்து எழுதி வைத்தார்.

அந்த வழிகள் தாறுமாறானவை அல்ல என்பதுதான் எங்களுக்கு உதவுகிறது. நாக்கின் பக்கத்தில் வந்த புண்ணிலிருந்து கலங்கள் கழன்றால் அவை பெரும்பாலும் தாடைக்குக் கீழும், காதுக்குக் கீழே கழுத்து நாளத்தோரத்தின் மேற்பகுதியிலும் உள்ள கணுக்களில் வந்து நிற்கும். தைரொயிட்டிலிருந்து கழன்றவை நடுக்கழுத்திலும் கீழ்க்கழுத்தின் பக்கங்களிலும் நிற்கும். மூக்கின் பின்புறத்தில் வந்ததென்றால் கழுத்தின் பின்பக்கத்தில். இடது காறை எலும்புக்கு மேலே ஒரு கணு கல்லுப்போல் தட்டுப்பட்டால் வைத்தியர் கழுத்தை விட்டுவிட்டு வயிற்றைச் சந்தேகிப்பார். வயிற்றிலிருந்தும் நெஞ்சிலிருந்தும் வரும் பெரிய நிணநீர்க் குழாய் கழுத்தின் இடதுபக்கத்தில்தான் இரத்தத்தோடு கலக்கிறது. ஜேர்மனியரான வேர்ச்சோ பத்தொன்பதாம் நூற்றாண்டில் காட்டியது இது. அந்தக் கணு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

கழுத்துக் கணுக்களைக் கூண்டோடு எடுத்துவிடும் சத்திரசிகிச்சையை 1906இல் அமெரிக்கரான ஜோர்ஜ் கிரைல் 132 சத்திரசிகிச்சைகளின் அனுபவத்தோடு எழுதினார். அன்றைக்கு அவரிடம் இருந்த கருவி விரல் மட்டும்தான். விரல் நல்ல கருவி. ஆனால் கழுத்தின் பக்கத் தசைக்குக் கீழே, ஆழத்தில், ஏழெட்டு மில்லிமீற்றரில் ஒரு கணு இருந்தால் எந்தப் பேராசிரியரின் விரலுக்கும் அது தட்டுப்படாது. கழுத்து குட்டையாகத் தடித்திருந்தால் இன்னும் மோசம். முன்பு கதிர்ச்சிகிச்சை பெற்ற கழுத்தென்றால் தோலே பலகைபோல இறுகிக் கிடக்கும், விரலுக்கு ஒன்றுமே தெரியாது.

அந்த இடத்தில்தான் ஒலி வருகிறது. காதுக்குக் கேட்காத அளவு உயர்ந்த அதிர்வுள்ள ஒலியை உடம்புக்குள் விட்டு, அது திரும்பி வரும் நேரத்தைக் கணக்கிட்டு, எந்த ஆழத்தில் என்ன இருக்கிறது என்று படம் வரைவது. மென்மையான தசையில் ஒலி நொடிக்கு 1540 மீற்றர் ஓடும் என்று இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. இந்த முறையை மருத்துவத்துக்குள் உறுதியாக நிறுத்தியவர் கிளாஸ்கோவில் மகப்பேற்றுப் பேராசிரியராக இருந்த இயன் டொனால்ட். 1958இல் 'லான்செற்' இதழில் வந்தது அவருடைய கட்டுரை. வயிற்றுக்குள் பிள்ளையைப் பார்க்க வளர்ந்த கருவி கழுத்துக்கு வர இன்னும் இருபது முப்பது வருடம் எடுத்தது.

அதற்குக் காரணம் புரோப், அதாவது தோலில் வைத்துப் பார்க்கும் கைத்துண்டு. வயிற்றில் வைத்துப் பார்க்கும் வளைந்த புரோப் இரண்டு முதல் ஐந்து மெகாஹேர்ட்ஸ் அளவில் வேலை செய்யும். ஆழத்துக்குப் போகும், ஆனால் நுணுக்கம் குறைவு. கழுத்துக் கணுவோ தோலிலிருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்குள் இருக்கிறது. அதற்கு ஏழு தொடக்கம் பதினைந்து மெகாஹேர்ட்ஸ் வரை போகும், நேர்ப் பட்டையான முகமுள்ள லீனியர் புரோப் வேண்டும். இயந்திரம் ஒன்றேதான், கையில் பிடிக்கும் துண்டுதான் வேறு. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது பிறகு விளங்கும்.

கழுத்து ஸ்கான் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் பயம் பாதி போய்விடும். கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். தோளுக்குக் கீழே ஒரு தலையணை. தலை பின்னால் சாயும், கழுத்து விரியும். சங்கிலி, தாலிக்கொடியை ஒதுக்கச் சொல்வார்கள். குளிர்ந்த ஜெல் பூசுவார்கள். நாடிக்குக் கீழே நடுவில் புரோப்பை வைத்துத் தொடங்கி, தாடை ஓரமாகப் பின்னுக்குப் போய், காதுக்குக் கீழே வந்து, கழுத்து நாளத்தைப் பிடித்துக்கொண்டு காறை எலும்பு மட்டும் இறங்குவார்கள். பிறகு தோள் பக்கம், பிறகு தைரொயிட். மற்றப் பக்கமும் அதேபோல. நோ இல்லை, கதிர் இல்லை, வெறும் வயிறாக இருக்கத் தேவையில்லை. ஒழுங்காகப் பார்த்தால் பத்துப் பதினைந்து நிமிடம் வேண்டும். இரண்டு நிமிடத்தில் முடிந்த கழுத்து ஸ்கான் என்று ஒன்று இருந்தால் அதை நான் ஸ்கான் என்று கணக்கில் எடுக்க மாட்டேன்.

திரையில் என்ன தேடுகிறார்கள்? நலமான கணு தட்டையாக, நீளவாட்டாக, கருமை கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும். அதன் நடுவே வெள்ளையாக ஒரு கோடு ஓடும். கணுவின் வாசல் அது. கொழுப்பும் இரத்தக்குழாயும் அந்த வழியால்தான் உள்ளே போகின்றன. காய்ச்சல், தொண்டை நோ, பல்லில் சீழ் என்று ஏதாவது வந்து கணு வீங்கினாலும் அந்த வெள்ளைக் கோடு பெரும்பாலும் அப்படியே இருக்கும். இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டொப்ளரைப் போட்டால் இரத்தம் அந்த வாசலால் நுழைந்து மரக்கிளையாகப் பிரிவது தெரியும்.

புற்றுநோய்க் கலம் அந்த வாசலால் வருவதில்லை. நிணநீரைக் கொண்டுவரும் குழாய்கள் கணுவின் வெளித்தோலைத் துளைத்துக்கொண்டு பல இடத்தால் நுழைகின்றன. கலங்கள் அந்த வழியே வந்து முதலில் விளிம்பிலேயே ஒட்டிக்கொள்கின்றன. அங்கிருந்து உள்நோக்கி வளர வளரக் கணு தன் தட்டை வடிவத்தை இழந்து உருண்டுபோகும். அகலம் நீளத்தின் பாதியைத் தாண்டினால் சந்தேகம். நடு வெள்ளைக் கோடு அழியும். வளரும் நோய் தனக்குப் புதுக் குழாய்களை விளிம்பில் வரவழைத்துக்கொள்ளும். டொப்ளரில் நிறம் ஓரத்தில் மினுங்கும். இன்னும் முற்றினால் நடுப்பகுதி அழுகி நீராகும், கணுவின் எல்லை கலங்கி அயல் தசையோடு ஒட்டும். இந்த அடையாளங்களை ஒழுங்குபடுத்தி உலகுக்குக் கற்பித்ததில் ஹொங்கொங் சீனப் பல்கலைக்கழகத்தின் அனில் அகூஜாவுக்கும் அவரோடு வேலை செய்தவர்களுக்கும் பெரிய பங்குண்டு.

இதில் தனியாக ஒரு அடையாளத்தை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. தாடைக்குக் கீழும் காதடியிலும் உள்ள கணுக்கள் இயல்பாகவே கொஞ்சம் உருண்டைதான். சின்னப் பிள்ளைகளுக்குக் கழுத்தின் மேற்பகுதியில் இரண்டு சென்ரிமீற்றர் கணு சும்மாவே இருக்கும். அதைத் தடவிப் பார்த்துவிட்டு இரவிரவாக நித்திரை கொள்ளாத தாய்மாரை எனக்குத் தெரியும். அளவும் அப்படித்தான். ஒரு சென்ரிமீற்றர் என்ற கணக்கு பாடப்புத்தகத்தில் வசதியாக இருக்கிறது. ஆனால் அம்ஸ்ரடாமில் வான் டென் பிறெக்கெல் என்பவர் தொண்ணூறுகளில் செய்த ஆய்வுகளில், விரலுக்குத் தட்டுப்படாத கழுத்தில் ஆறு ஏழு மில்லிமீற்றர்க் கணுவையே சந்தேகத்தோடு பார்க்க வேண்டும் என்று கண்டார். எல்லையைக் குறைத்தால் நோயைத் தவறவிடுவது குறையும். நோயில்லாதவரைப் பயப்படுத்துவது கூடும். இரண்டையும் ஒருசேரக் குறைக்கும் அளவு என்று ஒன்று கிடையாது.

அந்த இக்கட்டிலிருந்து வெளியே வர ஒரு வழிதான் இருக்கிறது. அது ஊசி. ஸ்கானில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியைக் கணுவுக்குள் விட்டு, சில கலங்களை உறிஞ்சி எடுத்து, கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் போட்டு நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. இரத்தம் எடுக்கும் ஊசியைவிடத் தடித்ததல்ல. திரையில் ஊசியின் நுனி வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். ஐந்தாறு மில்லிமீற்றர்க் கணுவுக்குள்ளும், பக்கத்தில் துடிக்கும் பெரிய இரத்தக்குழாயைத் தொடாமல், அதை இறக்கலாம். அதுவும் குத்துமதிப்பாக அல்ல, கணுவின் எந்த ஓரம் சந்தேகமாக இருக்கிறதோ அந்த ஓரத்துக்கே. அதே வான் டென் பிறெக்கெல் குழுவினர் 1991இல் வெளியிட்ட ஆய்வில், விரலுக்கு ஒன்றும் தெரியாத கழுத்துகளில் இப்படி ஸ்கானும் ஊசியும் சேர்ந்து, நோய் இருந்தவர்களில் நூற்றுக்கு 76 பேரைக் கண்டுபிடித்தன. நோய் இல்லாத ஒருவரையும் 'இருக்கிறது' என்று சொல்லவில்லை. சி.ரி., எம்.ஆர்.ஐ. முதலியவற்றோடு ஒப்பிட்டு 2007இல் வந்த தொகுப்பாய்விலும் ஸ்கானோடு சேர்ந்த ஊசியே முன்னுக்கு நின்றது.

இங்கே ஒரு கேள்வி எழும், எழ வேண்டும். 'ஊசி குத்தினா கான்சர் பரவுமாமே, கத்தி பட்டா ஆளே போயிடுவாராமே?' இதைச் சொல்லிப் பயொப்சிக்கு வராமல் நின்றவர்கள் எத்தனையோ. மெல்லிய ஊசியால் கழுத்துக் கணுவில் நோய் பரவுவது மிக மிக அரிது. அந்தப் பயத்தால் ஊசியைத் தள்ளிப்போட நியாயமில்லை. ஆனால் கத்தியைப் பற்றிய ஊர்ப்பேச்சை முழுவதும் மூடநம்பிக்கை என்று நான் சொல்ல மாட்டேன். வாயையும் தொண்டையையும் பாராமல், கழுத்துக் கட்டியை மட்டும் முதலில் வெட்டி எடுத்துப் பரிசோதிப்பது பின்னால் வரும் சிகிச்சையைக் கெடுக்கும் என்று மக்கேர்ட், மக்கேப் என்ற இருவர் 1978இலேயே காட்டினார்கள்: காயம் அழுகுவது கூடுதல், நோய் அதே இடத்தில் திரும்ப வருவது கூடுதல். ஆகவே கத்திக்கு முந்தி ஊசி. ஊசிக்கு முந்தி வாயைத் திறந்து பார்ப்பது. இந்த ஒழுங்கை மாற்றும் வைத்தியர் யாராயிருந்தாலும் அவரிடம் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வன்னியில் கழுத்துக் கட்டி என்றால் குழப்பும் வேறு சங்கதிகளும் உண்டு. காசநோய் கழுத்துக் கணுவைப் பிடித்தால் அதுவும் உருண்டு, நடுவில் உருகி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். படத்தைப் பார்த்து மட்டும் புற்றுநோயிலிருந்து பிரித்துச் சொல்வது தேர்ந்தவர்களுக்கே சிரமம். நாற்பது வயதைத் தாண்டியவருக்குத் திடீரென்று கழுத்தில் நீர்க்கட்டி வந்தால் அதைப் பிறவிக் கட்டி என்று விட்டுவிடக் கூடாது. தொண்டையிலோ தைரொயிட்டிலோ ஒளிந்திருக்கும் நோயின் கணு நீராக உருகி நிற்கலாம்.

அடுத்தது நாங்கள் மட்டும் அறிந்த சங்கதி. இந்த மண்டபத்தில் உடம்புக்குள் எறிகணைத் துண்டு, எங்கள் பேச்சில் 'பீஸ்', இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுவதுதான் சுலபமாக இருக்கும். 2009இல் போர் முடிந்த பிறகு கழுத்திலோ தோளிலோ ஒன்று தட்டுப்பட்டால் 'அது செல் பீஸ்தான், கனநாளாக் கிடக்கு' என்று சொல்லிவிட்டுப் போவது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. பல தடவை அது உண்மையும்தான். ஸ்கானில் இரும்புத் துண்டு கூரிய வெள்ளைக் கீறலாகவும் அதன் கீழே நிழலாகவோ வால்போல நீண்ட ஒளியாகவோ தெரியும். கணுவோடு அதை மாற்றி நினைக்க முடியாது. ஆனால் பீஸ் இருக்கிற கழுத்தில் கணுவும் வரலாம். பதினைந்து வருடமாக அசையாமல் கிடந்த துண்டு திடீரென்று வளராது. வளர்ந்தால் அது துண்டு அல்ல, வேறொன்று.

இன்னொன்றும் இதோடு சேர்கிறது. உடம்பில் இரும்புத் துண்டு உள்ளவரை எம்.ஆர்.ஐ.யின் காந்தத்துக்குள் விடுவதற்கு வைத்தியர்கள் தயங்குவார்கள், துண்டு கண்ணுக்கோ பெரிய இரத்தக்குழாய்க்கோ முண்ணாணுக்கோ பக்கத்தில் இருந்தால் விடவே மாட்டார்கள். சி.ரி.யில் உலோகத்தைச் சுற்றிப் படம் கீற்றுக் கீற்றாகக் கலைந்துபோகும். ஒலிக்கு இந்தப் பயம் இல்லை. மேல்நாட்டுப் புத்தகங்கள் கழுத்துக்கு எந்தப் படம் நல்லது என்று பக்கம் பக்கமாக விவாதிக்கும். வன்னியில் பலருக்கு அந்த விவாதம் உடம்புக்குள்ளேயே முடிந்துவிட்டது.

இதுவரை ஸ்கானுக்காக வாதாடினேன். இனி எதிர்ப்பக்கம். நாக்கில் சின்னப் புண், ஒன்றரைச் சென்ரிமீற்றர். கழுத்தில் விரலுக்கு ஒன்றுமில்லை, ஸ்கானிலும் ஒன்றுமில்லை. 'கழுத்து சுத்தம், வாயில் மட்டும் வெட்டினால் போதும்' என்று முடிவெடுக்கலாமா? இந்தக் கேள்வி நெடுங்காலம் சத்திரசிகிச்சை நிபுணர்களை இரண்டு கட்சியாக்கி வைத்திருந்தது. அதற்குப் பதில் எங்கள் பக்கத்திலிருந்தே வந்தது. மும்பை ராற்றா நினைவு வைத்தியசாலையில் அனில் டிக்ரூஸ் தலைமையில் 2004 முதல் 2014 வரை, இப்படிப்பட்ட ஆரம்பநிலை வாய்ப் புற்றுநோயாளரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வாய்ப்புண்ணோடு சேர்த்துக் கழுத்துக் கணுக்களையும் அப்போதே எடுத்தார்கள். மற்றப் பிரிவைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்து, கழுத்தில் நோய் வந்தால் மட்டும் எடுத்தார்கள். முதல் 500 பேரின் முடிவு 2015இல் வந்தது: மூன்று வருடத்தின் பின் உயிரோடு இருந்தவர்கள் முதற் பிரிவில் 80 வீதம், மற்றதில் 67.5 வீதம்.

பன்னிரண்டரை வீத வித்தியாசம் என்றால் எட்டுப் பேருக்கு ஒரு உயிர். அதன் பொருள் இதுதான்: கழுத்து சுத்தமாகத் தோன்றும் ஆரம்பநிலை நாக்குப் புற்றுநோய்க்காரரில் நூற்றுக்கு இருபது முப்பது பேரின் கணுக்களில் நோய் ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது. இரண்டு மில்லிமீற்றருக்கும் குறைந்த கூட்டமாக அது இருந்தால் எந்தப் புரோப்புக்கும் தெரியாது, ஊசிக்கும் அகப்படாது. புண் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதுதான் அதை முன்கூட்டிச் சொல்லக்கூடியது. மும்பை ஆய்விலும் மூன்று மில்லிமீற்றருக்குக் குறைந்த ஆழமுள்ளவர்களிடம் அந்த நன்மை தெளிவாகத் தெரியவில்லை. முதலில் நோய் வந்துசேரும் கணுவை மட்டும் தேடி எடுத்துப் பார்க்கும் முறை பிரான்சிலும் ஜப்பானிலும் நல்ல முடிவு தந்திருக்கிறது. அதற்கு அணுக்கதிர்ப் பொருளும் தனி வசதியும் வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது. கழுத்து ஸ்கானும் ஊசியும் 'இருக்கிறது' என்று சொன்னால் நம்புங்கள். 'இல்லை' என்று சொன்னால், யாருக்குச் சொன்னது என்று பாருங்கள். காய்ச்சலோடு நெறி கட்டிய பிள்ளைக்குச் சொன்னதென்றால் நிம்மதியாக வீட்டுக்குப் போங்கள். நாக்கில் புற்றுநோய் உறுதியானவருக்குச் சொன்னதென்றால், சத்திரசிகிச்சை நிபுணர் 'கழுத்தையும் எடுக்க வேண்டும்' என்று சொல்லும்போது 'ஸ்கானில ஒண்டுமில்லையே டொக்டர்' என்று தகராறு பண்ணாதீர்கள். சிகிச்சை முடிந்த பிறகு இதே ஸ்கானுக்கு வேறு வேலை இருக்கிறது. நோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள் திரும்பும். அந்தக் காலத்தில் கிளினிக்கைத் தவறவிடக் கூடாது.

தைரொயிட்டுக்கு இவ்வளவு நீட்டத் தேவையில்லை. அங்கே ஸ்கான்தான் முதல் கருவி. கணுவுக்குள் பொடிப்பொடியாகச் சுண்ணாம்புப் புள்ளிகள், அல்லது நீர்க்குழிகள் தெரிந்தால் சந்தேகம். ஊசியில் வந்த துளியை உப்புநீரில் கழுவி அதில் தைரொயிட் கலங்கள் உண்டாக்கும் தைரோகுளோபுலின் என்ற புரதத்தைப் பார்த்தால், கலங்கள் போதாவிட்டாலும் விடை கிடைக்கும். தைரொயிட் நோய் பெரும்பாலும் மெதுவானது. அதனால் சின்னச் சின்னக் கணுவை எல்லாம் துரத்திக் குத்துவதையும் இப்போது குறைத்துவிட்டார்கள். அமெரிக்கத் தைரொயிட் சங்கத்தின் 2015 வழிகாட்டி எட்டு, பத்து மில்லிமீற்றரை ஒட்டித்தான் ஊசியைப் பரிந்துரைத்தது.

இனி எங்கள் ஊர்க் கணக்குக்கு வருகிறேன். தெல்லிப்பழையில் இன்று புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றரை 27 நாளில் நடந்தவர்கள் திரட்டிய பணத்தில் எழும்பியது அது. அதற்கு முன் வடக்கில், கொழும்புக்கு அருகே புற்றுநோய் வைத்தியசாலை இருக்கும் 'மகரகமைக்குப் போனவர்' என்றாலே மேற்கொண்டு எவரும் கேள்வி கேட்பதில்லை. தெல்லிப்பழை வந்தது பெரிய ஆறுதல். ஆனாலும் தண்ணீரூற்றிலிருந்து அது நூறு கிலோமீற்றருக்கு மேல். கழுத்தில் கட்டியோடு ஒருவர் புறப்பட்டால் ஸ்கானுக்கு ஒரு பயணம், ஊசிக்கு ஒரு பயணம், முடிவுக்கு ஒரு பயணம், அதை எடுத்துக்கொண்டு நிபுணரைக் காண இன்னொன்று. கூலிவேலை செய்கிறவருக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் சம்பளம், இரண்டு பேரின் பஸ் காசு. மூன்றாவது பயணத்தோடு பலர் நின்றுவிடுவார்கள். இடையில் கணு நிற்காது.

ஸ்கானையும் ஊசியையும் ஒரே கட்டிலில், ஒரே நாளில், மாவட்ட மட்டத்தில் முடிக்கலாம். தகடுகளை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினால் போதும். ஆள் போகத் தேவையில்லை. கண்ணாடித் தகட்டுக்குப் பஸ்ஸில் ஆசனம் வேண்டாம். இயந்திரம் ஒன்றேதான் என்று முன்பு அழுத்திச் சொன்னது இதற்காகத்தான். வேண்டியது லீனியர் புரோப் ஒன்றும், அதைப் பிடிக்கப் பழகிய கையும், நோயாளியைத் திரும்ப அழைத்துப் பின்தொடரும் கொப்பி ஒன்றும்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கு இதில் ஒரு விண்ணப்பம், கொஞ்சம் கோபத்தோடும். ஊர் வைத்தியசாலைக்கு இயந்திரம் வாங்கிக்கொடுத்து, றிபன் வெட்டி, படம் எடுப்பது நல்ல காரியம்தான். ஆனால் எந்த இயந்திரமும் தானாகக் கழுத்தைப் பார்க்காது. ஸ்கானில் கண்ணும் கையும்தான் பாதி இயந்திரம். ஒரே கணுவை ஒருவர் காண்பார், ஒருவர் காணார். பணம் இருந்தால் வைத்தியரையும் கதிரியல் உத்தியோகத்தரையும் சில மாதம் தேர்ந்தவர்களிடம் இருந்து பழக அனுப்புங்கள். நோயாளியின் பஸ் காசுக்கு ஒரு நிதி வையுங்கள். படம் எடுக்க அது வசதிப்படாது, அவ்வளவுதான்.

ஆனால் கணுவில் பிடிப்பதே பிந்திப் பிடிப்பதுதான். வாய் திறந்தால் கண்ணுக்குத் தெரியும் நோயைக் கழுத்தில் இறங்கும் வரை விட்டுவிட்டு, பிறகு பதினைந்து மெகாஹேர்ட்ஸில் தேடுவது கெட்டித்தனம் ஆகாது. திருவனந்தபுரத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வில் ஒரு இலட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்டவர்களைச் சேர்த்து, பாதிப் பகுதிகளில் பயிற்றப்பட்ட சாதாரண சுகாதாரப் பணியாளர் வீடுவீடாகப் போய் ரோச் வெளிச்சத்தில் வாயைப் பார்த்தார்கள். 2005இல் முடிவு வந்தது: புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 வீதம் குறைந்தது. ஒரு காலத்தில் யாழ்ப்பாணப் புகையிலையை வாங்கித் தின்ற அதே மலையாள நாடு. இலங்கையிலும் பேராசிரியர் வர்ணகுலசூரியா முதலானவர்கள் 1984இலேயே, குடும்பநல உத்தியோகத்தர் போன்ற அடிமட்டப் பணியாளர்களால் இதைச் செய்ய முடியும் என்று காட்டியிருந்தார்கள். நாற்பது வருடம் போய்விட்டது.

கடைசியாக உங்களிடம் கேட்பது சிறிது. வெற்றிலை போடுகிறவர்கள், சுருட்டுக் குடிக்கிறவர்கள், விட்டுவிட்டேன் என்கிறவர்களும், விடியப் பல் தீட்டியதும் கண்ணாடியில் நாக்கின் இரண்டு பக்கத்தையும் சொக்கின் உட்புறத்தையும் பாருங்கள். மாறாத புண், வெள்ளைத் தழும்பு, சிவந்த தழும்பு, வாய் முன்போல் திறபடாமை எதுவாயினும் காட்டுங்கள். கழுத்தில் நெறி கட்டி மூன்று கிழமை தாண்டினால், நோகவில்லை என்பதற்காகச் சும்மா இருக்காதீர்கள்; நோகாத நெறிக்குத்தான் கூடப் பயப்பட வேண்டும். பாமசியில் குளிசை வாங்கிப் போட்டு அடுத்த மாதம் பார்ப்போம் என்று இழுக்காதீர்கள். மாவட்ட வைத்தியசாலை மாஞ்சோலையில்தான் இருக்கிறது. போனால், 'டொக்டர், கழுத்தை மட்டும் பாக்காதேங்கோ, வாயையும் ஒருக்காப் பாருங்கோ' என்று நீங்களே சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.